சிரிக்காததற்கு விளக்கம்

ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு ஏன் சிரிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு, மேனாம்பேடு மதுரைவீரனுக்கு அரசாங்கத்திலிருந்து குறிப்பாணை வந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி மாதம். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், தவறினால் 'சிரிக்க விருப்பமற்றவர்' என்று கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று போட்டிருந்தது. என்ன மேல்நடவடிக்கை என்று போடவில்லை. அதை அவர்களே இன்னும் யோசித்திருக்க மாட்டார்கள்.

குற்றவாளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைவீரனுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டிய குடும்பம். வயலெல்லாம் மனைக்கட்டு ஆனதும் இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸ். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு படம் பார்ப்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் ஊரோடு சேர்ந்து சிரிப்பார். அரசாங்கத்துக்கு எதிராகச் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்தவரில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போன குழுவின் பெயர் நற்பொழுதுபோக்குத் திரைப்பட மதிப்பீட்டுக் குழு, மேற்குப் புறநகர்ப் பிரிவு. நல்ல படம் எது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. நான்கு திசைக்கும் ஒவ்வொரு பிரிவு என்று ஆணை போட்டுத் தலைவர்களையும் நியமித்துவிட்டார்களாம். கிழக்கே கடல் என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்ததாம். கிழக்குப் பிரிவின் தலைவர் மட்டும் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பதாக ஒரு பேச்சு.

மேற்குப் பிரிவின் தலைவர் வீரராகவன், நெடுஞ்சாலை ஓரம் மைல்கல் நடும் வேலையைக் கண்காணித்து ஓய்வு பெற்றவர். எதையும் நட்டுவிட்டால் பிறகு பிடுங்க மாட்டார். உறுப்பினர் புலவர் ஆனந்தன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், படத்தின் பண்பாட்டைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாவது ஆளாகப் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்பது விதி. ரேஷன் கார்டுகளைக் குலுக்கி எடுத்ததில் மதுரைவீரன் அகப்பட்டார். படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் அவரைக் கொஞ்சம் நிறுத்தியது. 'தங்களுக்கோ, தங்கள் குடும்பத்தாருக்கோ சினிமாவோடு சம்பந்தம் உண்டா?' யோசித்து, 'இல்லை' என்று எழுதினார். அது பொய்யில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அரசாங்கமே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தது.

அந்தக் கதை இதுதான். மதுரைவீரனின் தம்பி வேம்புலி, சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக விழுகிற வேலை செய்துகொண்டிருந்தான். கதாநாயகன் மாடியில் நிற்பார், இவன் கீழே விழுவான், கதாநாயகன் கீழேயிருந்து எழுந்திருப்பார். சங்க அட்டை கிடைக்காததால் எந்தப் பட்டியலிலும் இவன் பெயர் கிடையாது. ஒரு கார்த்திகை மாதக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனான். சாயங்காலம் சைக்கிள் மட்டும் படக் கம்பெனி வேனில் வீடு வந்து சேர்ந்தது. உடல் அண்ணனூர்ப் பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடைத்தது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து மரணம் என்று காகிதம் வந்தது. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போட்டிருந்தது. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று படக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது.

வேம்புலியின் மனைவி நாகவல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சைக்கிள்ல போனவரு ட்ரெயின்ல எப்டி வியுந்தாரு?" ஒரு மாதம் பார்த்தவர்களையெல்லாம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவள் வாசல் பெருக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் நடமாடுவது மதுரைவீரனுக்குத் தெரிந்தது.

குழுவுக்கு வந்த படத்தின் பெயர் 'கரண்ட் கந்தப்பன்'. சட்டை இஸ்திரி போடும் கந்தப்பன் மழை நாளில் டிரான்ஸ்பார்மரைக் கட்டிப்பிடித்து அபார சக்தி பெறுகிறான். சிவப்புப் போர்வையை முதுகில் கட்டி, கால்சட்டைக்கு மேல் ஜட்டி போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு ரேஷன் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிறான். நல்லவர்களைத் தொட்டால் கிச்சுகிச்சு மூட்டும், கெட்டவர்களைத் தொட்டால் ஷாக் அடிக்கும். கதை இவ்வளவுதான். இதற்கு ஏன் குழு என்று கேட்காதீர்கள். குழு வந்த பிறகுதான் படம் வந்தது.

ஆவடிப் பக்கம் ஒரு கொட்டகையைக் காலை எட்டு மணிக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று உறுப்பினர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால், திரைக்கு முதுகு காட்டி, எழுத்தர் லட்சுமணன் டார்ச் விளக்கோடு உட்கார்ந்தார். அவர் மடியில் சிரிப்புப் பதிவேடு. ஒவ்வொரு காட்சிக்கும் யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்று முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக் குறிப்பார். புன்னகைக்கு 'பு', பல் தெரிந்தால் 'ப', வெடிச்சிரிப்புக்கு 'வெ'. சிரிக்காவிட்டால் ஒரு கோடு. வீரராகவன் சிரிப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துப் புலவர் ஆயத்தமாவார்.

முதல் நாற்பத்தாறு காட்சிகளுக்கு மதுரைவீரனும் ஒழுங்காகத்தான் சிரித்தார். ஏழு 'ப', இரண்டு 'வெ' அவர் பெயரில் உண்டு. நாற்பத்தேழாம் காட்சியில் கந்தப்பன் ஒரு பாழடைந்த ஆலையின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்கிறான். கீழே கடத்தல்காரர்கள். அது கோவில்பதாகைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஆலை என்று மதுரைவீரனுக்குத் தெரிந்தது. முகமூடிக்காரன் விளிம்புக்கு வந்தான். கீழே எட்டிப் பார்த்தான். பிறகு வலது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

உலகத்தில் எந்தச் சண்டைக்காரனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்க மாட்டான். அம்பத்தூர் ஏரி மதகிலிருந்து தண்ணீரில் குதித்துக் குதித்து வளர்ந்தவன்தான் குதிப்பான். எத்தனை உயரம், கீழே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவன் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மதுரைவீரன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அவன் தரையில் விழுந்தான். 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சத்தம் போட்டார்கள். இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. தலையைச் சுற்றிக் குருவி கத்துவது போல ஒரு சத்தம். வலது கை விரல்கள் ஒரு தரம் விரிந்து மூடின. அப்புறம் காட்சி மாறி, கதாநாயகன் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து சிரித்தார். வீரராகவன் தொடையில் தட்டிச் சிரித்தார். புலவருக்கு இருமல் வந்துவிட்டது. லட்சுமணனின் டார்ச் வெளிச்சம் மூன்றாவது முகத்தில் வந்து நின்றது, அங்கேயே நின்றது. பிறகு அவர் கோடு போட்டார்.

இப்படி வந்ததுதான் அந்தக் குறிப்பாணை. மதுரைவீரன் முழுநீளத் தாளில் ஒரே வரி பதில் எழுதினார். 'மேற்படி காட்சியில் விழுகிறவன் என் தம்பி வேம்புலி, அவன் அங்கேதான் செத்தான், ஆகையால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.'

நேரில் வரச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வீரராகவன், புலவர், நடுவில் பதிவேடு. வீரராகவன் கடுமையான ஆள் இல்லை. காபி கூட வரவழைத்தார்.

"எல்லாச் சண்டைகளையும் கதாநாயகரே செய்தார் என்று தயாரிப்பாளர் முத்திரைத்தாளில் உறுதி கொடுத்திருக்கிறார். படப்பிடிப்பில் யாருக்கும் சிராய்ப்பு கூட இல்லை என்று இன்னொரு முத்திரைத்தாள். அரசாங்கம் முத்திரைத்தாளை நம்புகிறது. நீங்கள் ஒரு மூக்கை நம்பச் சொல்கிறீர்கள்."

"அவன் அப்டித்தான் சார் குதிப்பான். சின்ன வயசுலேர்ந்து பாத்துகினு கீறேன்."

"இருக்கலாம். ஆனால் அவர் உங்கள் தம்பி என்றால், உங்களுக்குச் சினிமாவோடு சம்பந்தம் இருக்கிறது. அப்போது உங்கள் நியமனம் செல்லாது. நியமனம் செல்லாதவர் பெயரில் போட்ட கோடும் செல்லாது. அவர் உங்கள் தம்பி இல்லை என்றால், சிரிக்காமல் இருக்க உங்களுக்குக் காரணமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் சிரித்திருக்க வேண்டும்."

புலவர் ஆறுதலாகப் பேசினார். நகையும் அழுகையும் மெய்ப்பாடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்றார். அழுகை ஒன்றும் இழிவானதல்ல, அழ நினைத்தால் மதுரைவீரன் தாராளமாக அழலாம், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பதுதான் சிக்கல் என்றார்.

விதி இப்படி இருந்தது. இருவர் சிரித்து ஒருவர் சிரிக்காத காட்சி, சர்ச்சைக்குரிய காட்சி. அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும். மொத்தம் ஏழு முறை. ஏழாவது முறையும் ஒருவர் சிரிக்காவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி, மூலச் சுருளோடு சேர்த்துக் குழுவின் முன்னிலையில் கொளுத்தி, சாம்பலை எடை போட்டுக் குறிக்க வேண்டும்.

ஆக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் மதுரைவீரன் ஆவடிக்குப் போய், தம்பி சாவதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு எஸ்டேட்டுக்கு வந்தார். நாற்பத்தேழாம் காட்சி மட்டும்தான் ஓடும். ஒன்றரை நிமிஷம். இரண்டாம் முறை, தம்பி விளிம்புக்கு வருமுன் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தார். யாரோ அவனைப் போ போ என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் முறை, முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அவன் விளிம்பில் நிற்பதாகத் தோன்றியது. நான்காம் முறை அவன் நேராகத் தன்னைத்தான் பார்த்தான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முகமூடிக்கு நடுவில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் தம்பியின் கண். 'குதிக்கட்டா?' என்று மதகில் நின்று கேட்பானே, அதே பார்வை. வேண்டாம்டா என்று வாய்க்குள் சொன்னார். அவன் குதித்தான்.

அவர் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஸ்பிரிங் வரும். இத்தனை வருஷமாக அதன் சத்தம் அவர் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒன்று கை தவறித் தரையில் விழுந்தாலும் 'டொய்ங்' என்று கேட்டது, உடனே அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பக்கத்து மிஷின்காரர்கள் என்ன தேடுகிறார் என்று கேட்டார்கள். விரல் அசைகிறதா என்று பார்த்ததாக எப்படிச் சொல்வது?

ஐந்தாம் முறை புலவரின் சிரிப்பு, வேம்புலி விழுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பழக்கதோஷம். அன்றைக்குத்தான் வீரராகவன் காட்சியை நிறுத்தச் சொல்லி, மைல்கல் பார்க்கிற கண்ணோடு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"எனக்கு ஒரு குறை படுகிறது. அந்த உயரத்திலிருந்து விழுகிற மனிதனுக்குக் கால் இப்படி மடங்காது. நடிகர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். தத்ரூபத்தில் இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன்."

புலவரும் இரண்டு குறைத்தார். மதுரைவீரனிடம் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். அதைப் பதிவேட்டில் எந்த எழுத்தால் குறிப்பது என்று லட்சுமணன் தலைவரைக் கேட்க, 'உடல்நலக் குறைவு' என்று எழுதச் சொன்னார்.

ஆறாவது முறை முடிந்ததும் லட்சுமணன் டீக்கடையில் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, நான் அந்தப் பக்கம் திரும்பினதே இல்ல. படம் எப்டி கீதுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க மூணு பேரு மூஞ்சிதான். உன் மூஞ்சியப் பாத்தாலே அது உன் தம்பிதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா அடுத்த வாரமும் நீ சிரிக்கலேன்னா வெட்டிக் கொளுத்திடுவாங்க. சாம்பல எட போட்டு எய்தப் போறவனும் நான்தான்."

அப்போதுதான் மதுரைவீரனுக்கு முழுசாக உறைத்தது. கோடு போட வைத்தால் நியாயம் நிற்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டால் ரயில் காகிதம் மட்டும்தான் நிற்கும். வேம்புலி எங்கே செத்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த ஒன்றரை நிமிஷம்.

அன்று சாயங்காலம் நாகவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வாரம் ஏன் மறைத்தார் என்று அவள் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார்.

"வெட்ட வுடாத மாமா. நான் ஒரு தபாவாவது பாக்கணும்."

"நான் சிரிச்சாத்தாம்மா வுடுவாங்க."

"சிரி மாமா."

அண்ணன்காரன் தம்பி சாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தம்பி பெண்டாட்டி கேட்கிற காலம் வரும் என்று எந்த ஜோசியனும் சொல்லியிருக்க மாட்டான். மதுரைவீரன் அந்த வாரம் முழுக்கச் சிரித்துப் பழகினார். சவரக் கண்ணாடியில் பார்த்தால் பல் தெரிந்ததே தவிர சிரிப்பாக இல்லை. 'ப' கூடத் தேறாது.

ஏழாவது திங்கட்கிழமை, வீரராகவன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். தீப்பெட்டியும் தராசும் ஒரு தட்டில் தயாராக இருந்தன. விளக்கு அணைந்தது. தம்பி தொட்டி மேல் ஏறினான். பின்னால் பார்த்தான். முன்னால் வந்தான். மூக்கைப் பிடித்தான்.

மதுரைவீரன் அந்தத் தொட்டியைப் பார்க்கவில்லை. வலுக்கட்டாயமாக ஏரி மதகைப் பார்த்தார். பத்து வயசு வேம்புலி கால்சட்டை அவிழ அவிழக் குதிக்கிறான். தண்ணீருக்குள் போய், எழுந்து வருகிறான். தலையில் ஒரு கொத்துப் பாசி. கிரீடம் வைத்த ராஜா மாதிரி விறைப்பாக நின்று, 'எவன்டா அங்க?' என்று அண்ணனையே அதட்டுகிறான். மதுரைவீரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு. வந்தது நிற்கவில்லை. திரையில் 'டொய்ங்' கேட்டது, குருவி கத்தியது, விரல் விரிந்து மூடியது, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விளக்குப் போட்ட பிறகும் சிரித்தார். லட்சுமணன் டார்ச்சை அணைத்தார். 'வெ' என்று எழுதினார். இவ்வளவு பெரிய சிரிப்புக்கு ஒரு எழுத்துதான் இருந்தது.

மதுரைவீரன் தன்னை அதற்கு மன்னிக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

வீரராகவன் எழுந்து நின்று பேசினார். குழுவின் வரலாற்றில் இது ஒரு மைல்கல் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"ஏழு வாரம் அடக்கி வைத்த சிரிப்பு இது. பொதுமக்கள் சிரிக்க மறுக்கிறார்கள் என்று நாம் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டினால் எதற்கும் சிரித்துவிடுவார்கள். இந்தக் காட்சியை ஒரு முறை மட்டும் காட்டுவது மக்களுக்குச் செய்யும் அநியாயம். மூன்று முறை காட்டும்படி தயாரிப்பாளருக்குப் பரிந்துரைக்கிறேன். மூன்றாவது முறை மெதுவாக."

புலவர் வழிமொழிந்தார். மதுரைவீரன் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார், ஆனால் சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கியிருக்கவில்லை. அதையும் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. நகைச்சுவையில் முழு மதிப்பெண்.

'கரண்ட் கந்தப்பன்' அந்தப் பொங்கலுக்கு வந்தது. மூன்றாம் நாள் மேட்னிக்கு மதுரைவீரன் நாகவல்லியை அழைத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி அவள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். கொட்டகை நிரம்பி வழிந்தது. மற்ற காட்சிகளுக்கெல்லாம் அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தொட்டி வந்ததும் நிமிர்ந்தாள். இதுவா என்று கேட்கவில்லை. மூக்கைப் பிடிக்கும் முன்னாலேயே, அவன் நின்ற நிலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் குதித்தான். கொட்டகை சிரித்தது. மறுபடி தொட்டி மேல் நின்றான், மறுபடி குதித்தான். முன்வரிசையில் விசில் அடித்தார்கள். மூன்றாம் முறை மெதுவாக, போர்வை விரிந்து பறக்க, பஞ்சு போல இறங்கினான். இறங்க இறங்க நாகவல்லி இருக்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். உட்காரும்மா என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தரையைத் தொட்டான். விரல் விரிந்து மூடியது. கதாநாயகன் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

இடைவேளை விளக்குப் போட்டார்கள். முறுக்கு விற்கிறவர்கள் உள்ளே வந்தார்கள். நாகவல்லி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட மதுரைவீரனுக்குப் பயமாக இருந்தது. அவளே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினாள்.

"மூணாவது தபா எய்ந்திருவாருன்னு நெனச்சேன் மாமா."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள்.